கருவிழியைப் பார்த்து கிட்னியைச் சொல்ல முடியாது

கேள்வி: எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த முகாமில் அம்மாவின் கருவிழியை கேமராவில் பெரிதாக்கிக் காட்டி, கிட்னி பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி மூன்று மாதத்துக்குப் பொடி கொடுத்தார்கள். அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. இதை நம்பலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: நம்பாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, முதலில் அம்மாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இந்த இரண்டையும் வருடம் தவறாமல் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

இரிடாலஜி என்கிற இந்த முறை 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மருத்துவர் இக்னாஸ் பெக்செலி தொடங்கி வைத்தது. கருவிழியைப் பங்கு பிரித்து, இது கல்லீரல், இது சிறுநீரகம் என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் விழியும் உண்டே என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் இந்தப் படம் அங்கிருந்து வந்ததல்ல.

1979இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், அதுவும் சிறுநீரகத்தை வைத்து. 143 பேரின் கருவிழிப் படங்களைக் கொடுத்து யாருக்குச் சிறுநீரக நோய் என்று கேட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவர், இந்த முறையை அங்கே பரப்பிய பெர்னார்டு ஜென்சன். நோயே இல்லாதவர்களில் 88 சதவீதம் பேருக்கு நோய் என்று ஒரு இரிடாலஜிஸ்ட் சொன்னார். இன்னொருவர், டயாலிசிஸ் தேவைப்படும் அளவுக்கு முற்றியவர்களில் 74 சதவீதம் பேரை நன்றாக இருக்கிறார்கள் என்றார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பயம். இல்லாத நோயைச் சொன்னால் பணத்தோடு போகும், இருக்கிற நோயை இல்லை என்று சொன்னால் உயிர் போகும்.

ஆதாருக்குக் கருவிழியைப் படம் பிடித்தார்களே, எதற்கு? வருடக்கணக்கானாலும் அதன் கோலம் மாறாது என்பதால்தான். உடம்பு கெடுவதற்கும் தேறுவதற்கும் ஏற்ப அது மாறிக்கொண்டே இருந்தால் ஆளை எப்படி அடையாளம் காண்பது?

கண்ணில் நோயே தெரியாது என்று நான் சொல்லவில்லை. காமாலை வந்தால் வெள்ளை விழி மஞ்சளாகும். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கெடுவதைக் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார், அது கண்ணின் உட்புறம். அம்மாவுக்கு அதையும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருந்தால் நாளைக் காலையிலேயே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பொடியை இன்றோடு நிறுத்திவிட்டு, பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.