குடும்பப்பெயர்களுக்கு உண்மையில் பொருள் உண்டா? வெவ்வேறு நாடுகளில் அவை எப்படித் தோன்றின?

ஸ்மித், ஷ்மிட், கோவாச் போன்ற பெயர்களுக்கெல்லாம் பொருள் இருக்கிறதா, நமக்கு மட்டும் ஏன் அப்படிக் குடும்பப்பெயர் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோகாமல் கேட்டதாகத் தெரியவில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ விசாப் படிவத்திலோ குடும்பப்பெயர் என்ற கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அப்பா பெயரை எழுதுவதா, ஊர்ப் பெயரை எழுதுவதா, வெறுமனே விட்டுவிடுவதா என்று விழித்த பிறகே இந்தக் கேள்வி பிறந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்லன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இயந்திரப் பொறியாளன். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொன்ன மூன்று பெயர்களுக்கும் 'கொல்லன்' என்றுதான் பொருள். நான் கொல்லன் மகன். பதில் எழுத அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே பள்ளி விட்டு வந்ததும் துருத்தி ஊதுவேன். கொழு, மண்வெட்டி, பண்ணரிவாள் ஆகியவைதாம் பெரும்பாலும் வேலைக்கு வரும். இரும்பு செங்கல் நிறத்திலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறும் நொடியில் அப்பா குறடால் இழுத்துப் பட்டறைக்கல்லில் வைப்பார். அண்ணன் சம்மட்டியை ஓங்குவான். கூலியைப் பலர் காசாகத் தராமல், அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து தருவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குடும்பப்பெயர்கள் தோன்றிய காலத்து ஐரோப்பிய கிராமமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஊரில் உழுபவர் நூறு பேர் இருப்பார்கள், கொல்லர் ஒருவர்தான் இருப்பார். ஊரில் ஐந்து ஹான்ஸ் இருக்கும்போது 'உழவன் ஹான்ஸ்' என்றால் எவன் என்று தெரியாது. 'கொல்லன் ஹான்ஸ்' என்றால் ஐயமே இல்லை. இங்கிலாந்தில் ஸ்மித் மிக அதிகமாக வழங்கும் பெயராக இருப்பதற்கும், ஜெர்மனியில் மாவு அரைப்பவரைக் குறிக்கும் ம்யூல்லருக்கு அடுத்த இடத்தில் ஷ்மிட் இருப்பதற்கும் இதுவே பெரும் காரணம். வட்டார வழக்காலும், பெயர் கேட்ட எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதாலும் ஷ்மிட், ஷ்மீட், ஷ்மிட்ஸ் என்று பல வடிவங்கள் ஏற்பட்டன. 1876இல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தபோது, அன்று எந்த எழுத்துக்கூட்டு இருந்ததோ அதுவே நிலைத்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த பிரிவில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் கோல்ன் பக்கத்து ஷ்மிட்ஸ் ஒருவர், கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து ரூர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த கோவால்ஸ்கி ஒருவர், துருக்கிக் குடும்பத்தைச் சேர்ந்த தெமிர்ஜி ஒருவர், சிரியாவிலிருந்து வந்த ஹத்தாத் ஒருவர். நான்கு பேரும் பெயரளவில் கொல்லர்கள் என்பது எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதன் பிறகு இதுவே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்நெத்சோவ், உக்ரைனில் கோவாலென்கோ, பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெர்ராரி, எஸ்தோனியாவில் செப், அயர்லாந்தில் மெக்கோவன், ஆர்மீனியாவில் தர்பின்யான். இத்தனை பேரும் என் அப்பாவின் சகாக்கள். பந்தயக் கார் என்று உலகம் கொண்டாடும் பெயருக்குள் ஓர் உலைக்களம் இருக்கிறது என்பதை நினைத்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான், மறுக்கவில்லை.

தொழிலை விட்டால், குடும்பப்பெயர்கள் இடத்திலிருந்தும், பட்டப்பெயரிலிருந்தும், தகப்பன் பெயரிலிருந்தும் வந்தவை. ஹில் என்றால் குன்று, க்ளைன் என்றால் குள்ளன். இதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் ஆகிய சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். ஊர், தொழில், தகப்பன் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. குறுந்தொகையில் ஒரு பாட்டுப் பாடியவர் பெயரே மதுரைப் பெருங்கொல்லன். வேறுபாடு ஒன்றுதான்: ஐரோப்பாவில் தகப்பனின் அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் சட்டப்படி ஒட்டிக்கொண்டது, இங்கே அப்படி நடக்கவில்லை.

இனி எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். எங்களுக்கும் தொழிலைச் சொல்லும் ஒட்டு உண்டு. அப்பாவைப் பெற்றவர்கள் காலத்துப் பத்திரங்களில் எல்லாப் பெயருக்குப் பின்னாலும் 'ஆசாரி' என்று இருக்கும். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஆசிரியர் அதையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டதற்கு, அப்பா "எழுத்து மட்டும் போதும்" என்று சொல்லி 'மா. முருகேசன்' என்று எழுத வைத்தார். அவர் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானம் போட்டதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அல்லர். அவரைவிட இருபது வயது இளையவர்கள் பட்டறை வாசலில் நின்றுகொண்டு "ஏ ஆசாரி" என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். மகனையும் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

'ஆசாரி' என்பதை இன்றும் பெருமையாக எழுதிக்கொள்ளும் உறவினர்கள் எனக்கு உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐரோப்பாவில் எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. பிரபுக்களுக்கு அங்கே 'ஃபோன்' என்ற ஒட்டு இருந்தது. 1919இல் ஆஸ்திரியா அதைச் சட்டம் போட்டு ஒழித்தது. அதே ஆண்டு ஜெர்மனி பிரபுத்துவச் சலுகைகளை நீக்கிவிட்டு, அந்த ஒட்டைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தது. அங்கும் பெயரை வைத்து மனிதனை அளந்தார்கள். ஆனால் கொல்லன் மகன் ரொட்டி சுடப் போனான், அவன் மகன் வழக்கறிஞன் ஆனான். ஷ்மிட் என்ற சொல் மெல்லச் செத்து வெறும் பெயராயிற்று. ஹெல்முட் ஷ்மிட் 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்தபோது, அவர் எந்தப் பட்டறையிலிருந்து வந்தார் என்று பெயரை வைத்து எவரும் ஆராயவில்லை. நம் ஊரில் தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்ததால் சொல் சாகவில்லை. அதனால்தான் அதைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. 'அவர்களுக்கு அழகான குடும்பப்பெயர் இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை' என்று ஏங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கழற்றி வைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அப்பாவின் பெயர். எனக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், என்னைக் கேட்காமலே குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'மாடசாமி' என்று எழுதிவிட்டார். அதன் விளைவு விமான நிலையத்தில் தொடங்கியது. எங்கள் பள்ளியில் ஒருவனை வம்புக்கு இழுக்க வேண்டுமானால் அவனுடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அடுத்த நிமிடம் சட்டை கிழியும். இங்கே மேலாளர், மருத்துவர், பொட்டலம் கொண்டுவருபவர் எல்லாரும் என்னை "ஹெர் மாடசாமி" என்று மரியாதையோடு அழைத்தார்கள். முதல் சில வாரங்கள் அப்பா எனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடி வாசலில், அழைப்பு மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில், விரல் நீளமுள்ள பலகையிலும் அவர் பெயர்தான்.

2013இல் மகள் பிறந்தபோது சிக்கல் முற்றியது. என் மனைவியின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் 'முருகேசன்', அதாவது என் பெயர். நம் வழக்கப்படி மகளுக்கும் தலைப்பெழுத்து 'மு'தான். பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மையார் இரண்டு கடவுச்சீட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "தாயும் குழந்தையும் ஒரு குடும்பம், தந்தை மட்டும் வேறு குடும்பமா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. மூன்று முறை அலைந்தோம். மூன்றாம் முறை ஒரு தாளில் வம்சாவளி வரைந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், குடும்பத்துக்கென்று தனிப்பெயர் கிடையாது என்று விளக்கினேன். அவர் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் மேசையில் இருந்த பெயர்ப்பலகையைத் தொட்டுக் காட்டினார். அதில் 'யான்சென்' என்று இருந்தது.

"நான் பெண், ஆனால் என் பெயருக்கு யானின் மகன் என்று பொருள். வடகடலோரத்தில் இருக்கும் எங்கள் கிழக்கு ஃப்ரீசியாவிலும் உங்கள் முறைதான் இருந்தது. 1811இல் நெப்போலியன் ஆணை போட்டு நிறுத்தினார். அன்று எங்கள் வீட்டுப் பெரியவருக்கு அப்பாவாக இருந்தவர் யாரோ ஒரு யான், அவர் பெயரை இன்றுவரை சுமக்கிறோம்" என்றார்.

என் பார்வையில் உங்கள் கேள்விக்கு அவர் சொன்னதுதான் சரியான விடை. ஜான்சன், பீட்டர்சன், ஹான்சென் என்று உலகெங்கும் இருக்கும் 'மகன்' பெயர்கள் எல்லாம், ஓடிக்கொண்டிருந்த தகப்பன் பெயரை வழக்கமோ அரசாங்கமோ ஏதோ ஒரு தலைமுறையில் நிறுத்தி உறைய வைத்ததால் வந்தவை. டென்மார்க்கில் 1828ஆம் ஆண்டு அரசாணை அந்த வேலையைத் தொடங்கியது. உறைய மறுத்த நாடு ஐஸ்லாந்து. அங்கே இன்றும் மகனுக்கு 'சோன்', மகளுக்கு 'தோத்திர்' என்று தகப்பன் பெயரோடு சேர்க்கிறார்கள். 1980இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் ஃபின்போகதோத்திர், ஃபின்போகியின் மகள். அங்கே அச்சிட்டுவந்த தொலைபேசிக் கையேட்டில் அவரவர் சொந்தப் பெயரின் வரிசைதான் இருந்தது. நம் வாக்காளர் பட்டியலைப் பார்த்து அவர்கள் குழம்ப மாட்டார்கள்.

பல நாடுகளில் அரசாங்கத்தின் கை இருந்திருக்கிறது. துருக்கியில் 1934 வரை பெரும்பாலோர்க்குச் சட்டப்படியான குடும்பப்பெயரே கிடையாது. சட்டம் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். முஸ்தஃபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரை நாடாளுமன்றம் அளித்ததும் அந்த ஆண்டுதான். ஆகவே என் நண்பர் தெமிர்ஜியின் முன்னோர் உண்மையில் இரும்படித்தாரா, அல்லது அந்தச் சொல் பிடித்து வைத்துக்கொண்டாரா என்று அவருக்கே தெரியாது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு ஊர் ஊராகப் பங்கிட்டார். சில ஊர்களில் இன்றும் பலருடைய குடும்பப்பெயர் ஒரே எழுத்தில் தொடங்கும்.

மகளுக்கு இறுதியில் 'மாடசாமி' என்றே வைத்தோம். தந்தைக்கும் பிள்ளைக்கும் குடும்பப்பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் பள்ளியிலும் எல்லையிலும் கேள்வி வரும் என்ற அச்சம்தான் காரணம்; வேறு கொள்கை எதுவும் இல்லை. செய்தியைச் சொல்ல அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பேத்தி பெயரில் தம் பெயர் இருப்பதற்கு அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. உற்சாகத்தில் ஷ்மிட், ஹத்தாத், ஃபெர்ராரி கதையை எல்லாம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவியெல்லாம் இன்னும் இரும்பா அடிக்காவ?" என்றார். இல்லை, ஒருவர் கணக்காளர், ஒருவர் பல் மருத்துவர் என்றேன். "பொறவு என்னத்துக்கு அந்தப் பேரு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் படிவத்துக்கு வருவோம். கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரும் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படவில்லை' என்பதற்கான மூன்றெழுத்து ஏறிவிடும்; ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுகளுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்பா பெயரை எழுதினால் உலகம் உங்களை அந்தப் பெயரால்தான் அழைக்கும். சதுரங்க உலகம் ஆனந்தை அவர் தந்தை விசுவநாதனின் பெயரைச் சுருக்கி 'விஷி' என்றே கூப்பிட்டது. உங்கள் பெயரையே குடும்பப்பெயராக எழுதி, அப்பா பெயரை முதற்பெயராக வைப்பவர்களும் இருக்கிறார்கள், சி.வி. ராமனும் அவர் அண்ணன் மகன் சந்திரசேகரும் அறிவியலில் தம் சொந்தப் பெயராலேயே அறியப்படுவது அந்த வரிசையால்தான். எதை எழுதினாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டாக இருக்கட்டும். திருமணமானவராக இருந்தால், பிள்ளைக்கு எந்தப் பெயர் போய்ச் சேரும் என்பதையும் இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். நாங்கள் அதைப் பேசியது பதிவு அலுவலகத்தின் நடைக்கூடத்தில், கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தபோது.