அமெரிக்காவில் போலீஸுக்கு வரும் போக்குவரத்துப் பாதுகாப்பு மானியம்: பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது?

அபராதம் வசூலிக்கத்தான் அரசு போலீஸுக்கு மானியம் தருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பணம் வரும் வழியைப் பார்த்தால் புரியும்.

1966-ல் வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 402-ஆம் பிரிவுதான் அடிப்படை. பணம் பெரும்பாலும் பெட்ரோல், டீசல் வரியால் நிரம்பும் நெடுஞ்சாலை நிதியிலிருந்து வருகிறது. மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நெட்சா (NHTSA) அதை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மாநில அலுவலகம் (கலிபோர்னியாவில் போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகம்) ஊர் ஊராக விண்ணப்பம் வாங்கிப் பங்கிடும். விபத்துக் கணக்கைக் காட்டாமல் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பெரும் பகுதி ஓவர்டைமுக்கே போகிறது. சனிக்கிழமை இரவு சாலையை மறித்துக் குடிபோதைச் சோதனை நடக்கிறதே, அங்கே நிற்கும் காவலர்களில் பலர் வழக்கமான ஷிஃப்ட் முடிந்த பிறகு வந்தவர்களாக இருப்பார்கள். சீட் பெல்ட், செல்போன், வேகம் ஆகியவற்றுக்கான சிறப்பு ரோந்தும் இப்படித்தான்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: பணம் முன்கூட்டியே கைக்கு வராது. போலீஸ் துறை முதலில் தன் கையிலிருந்து செலவழித்து, கணக்குக் காட்டி, அப்புறம்தான் திரும்பப் பெறும். சின்ன ஊர்களுக்கு இது பெரிய தலைவலி. ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கும் சம்பளத்தை இதில் தள்ளிவிடவும் முடியாது. கூடுதல் வேலைக்கு மட்டும்தான்.

சரி, அபராதப் பணம்? அது மாநிலச் சட்டப்படி நீதிமன்றம், மாவட்டம், நகரம் என்று பிரியும். மானியக் கணக்கு தனி.