ரிலீஸ் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, வீடு திரும்பும் நேரமும்தான்

கேள்வி: களியக்காவிளையிலிருந்து தினமும் கழக்கூட்டம் போய்வருகிறேன். மொபைல் கேம் கம்பெனியில் யூனிட்டி (கேம் உருவாக்கும் மென்பொருள்) புரோகிராமர். இரண்டு மாதமாக ராத்திரி பத்து, பதினொன்று வரை வேலை, சனிக்கிழமையும் உண்டு. ‘ரிலீஸ் முடியட்டும், லீவு தருகிறேன்’ என்கிறார் மேனேஜர். ரிலீஸோ இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. நடுவில் விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டு வேறு. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, தேதி தள்ளியும் பளு குறையவில்லை என்றால், கேமில் போடவேண்டியவற்றின் பட்டியலில் யாரும் கை வைக்கவில்லை. கிடைத்த கூடுதல் நாட்களில் புதிதாக ஒரு லெவல், ஒரு லீடர்போர்டு (யார் எவ்வளவு புள்ளி என்ற பட்டியல்) என்று ஏற்றியிருப்பார்கள். மேனேஜரிடம் ‘முடியவில்லை சார்’ என்று போய் நின்றால் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். கணக்கோடு போங்கள்.

ஒருவர் வாரம் 40 மணி நேரம் ஆபீஸில் இருந்தாலும் மீட்டிங், பில்டுக்காக (எழுதிய கோடு ஓடும் கேமாகத் தயாராவதற்காக) காத்திருப்பது எல்லாம் போக, உருப்படியாகத் தேறுவது 30 மணி நேரம் என்று வையுங்கள். 6 பேர், 6 வாரம்: 1,080 மணி நேரம். மிச்சமிருக்கும் டாஸ்க்குகளைக் கூட்டினால் 1,500 வருகிறதா? 420 உதைக்கிறது. அதை ராத்திரியில் ஈடுகட்ட ஆளுக்கு வாரம் 12 மணி நேரம் கூடுதலாக வேண்டும், அதுவும் தூக்கக் கலக்கத்தில் ஒரு தப்பும் செய்யாமல். நடக்கிற காரியமா? ராத்திரி பதினொரு மணிக்கு மெர்ஜ் செய்த, அதாவது டீமின் கோடோடு சேர்த்த கோடு காலையில் பில்டை உடைக்கும். அதைச் சரிசெய்யவே டீமுக்கு அரை நாள் போகும். ஒரு வாரம் தினமும் புதிதாகத் திறக்கும் பக் (பிழை) எத்தனை, சரிசெய்து மூடுவது எத்தனை என்று குறியுங்கள். திறப்பது அதிகமானால் இந்தத் தேதியும் நிற்காது.

பிறகு பட்டியலைப் பிரியுங்கள். கிராஷ், சேவ் ஆன விளையாட்டு அழிவது, பணம் கட்டும் இடம்: இவற்றைத் தள்ளவே கூடாது. ஸ்கின் (பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றுவது), தினப் பரிசு, இரண்டாவது மொழி போன்றவை முதல் அப்டேட்டில் வரட்டும். மொபைலில் அந்த வசதி இருக்கும்போது எல்லாவற்றையும் முதல் நாளே இறக்கத் துடிப்பது வீம்பு. ‘இதில் எதை எடுக்கலாம்?’ என்று மெயிலில் கேளுங்கள். பதிலும் மெயிலில் வரட்டும்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. சைபர்பங்க் 2077 கேமுக்கு 2020-இல் மட்டும் மூன்று முறை தேதி மாறியது. கட்டாயக் கூடுதல் வேலை இராது என்று சொல்லியிருந்த நிறுவனமே செப்டம்பரில் வாரம் ஆறு நாள் என்றது. டிசம்பர் 10 வெளியானது. பக் புகார்களுக்கு நடுவே சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

வீடு குமரி மாவட்டத்தில் இருந்தாலும் ஆபீஸ் இருப்பது கேரளத்தில். நாகர்கோவிலில் புகார் கொடுத்துப் பயனில்லை. கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1960-இன்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, ஆகவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உங்கள் பதவி என்னவென்று பாருங்கள். ஐடி நிறுவனத்துக்கு ஏதும் தளர்வு உண்டா என்று திருவனந்தபுரம் லேபர் ஆபீஸில் கேட்டபிறகு பேச்சை எடுங்கள்.

இன்றிலிருந்தே சொந்த நோட்டில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இருக்கச் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். கம்பெனியின் புரோகிராமையோ ஃபைலையோ உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள்; அதுவே உங்கள்மேல் திரும்பும். சனிக்கிழமை போனால் அன்றே ‘இதற்கு ஒரு நாள் மாற்று விடுப்பு’ என்று மெயில் போடுங்கள், எப்போதுவரை எடுக்கலாம் என்றும் கேளுங்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் வீட்டுக்குப் பஸ் ஏறிய நேரத்தையும் குறியுங்கள். சட்டத்தில் அது வேலை நேரமல்ல, ஆனால் கம்பெனி வண்டி கேட்கக் கைகொடுக்கும்.

பாண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 74-ஆம் பிரிவின்படி அதில் எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரச்சொல்லும். பயிற்சிக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்பது அங்கே முக்கியமாகும். ஆனால் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பினால் அனுபவச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். ஒரிஜினல் டிகிரி சான்றிதழை ஆபீஸில் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். ரிலீஸுக்கு முன்பே விலகுவதானால், கிரெடிட்ஸில் (கேமை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல்) உங்கள் பெயர் வரும் என்று ஒரு வரி மெயிலாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இன்டர்வியூவில் உங்கள் வேலைக்கு அதுதான் அத்தாட்சி.