கேம் ஆர்ட், கான்செப்ட் ஆர்ட்: பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது, ஒன்றில் பட்டத்தின் பெயர் கேம் ஆர்ட், மற்றொன்றில் கான்செப்ட் ஆர்ட், எனக்குக் கோட்டைகளும் விசித்திர உயிரினங்களும் வரையத்தான் பிடிக்கும், எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பாடத்திட்டங்களையும் கேள்வியோடு இணைத்திருந்ததால் முழுவதும் படித்துப் பார்த்தேன்.

பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் படத்தின் மேல் கோடு போட்டுத் திருத்துகிற ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வியோடு நின்றவள் நான். அன்று பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பாட நோட்டுகளின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் படங்களாக இருக்கும். வீட்டில் ஒருவராவது "விளையாட்டு வரைவதற்கு ஒரு பட்டமா?" என்று கேட்டிருப்பார். 'கான்செப்ட்' என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கும். கற்பனை செய்கிறவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட், அதைப் பார்த்துச் செய்து தருகிறவர் கேம் ஆர்ட்டிஸ்ட் என்று மனத்துக்குள் ஒரு ஏணி போட்டு வைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஏணி பொய். கான்செப்ட் ஆர்ட் என்பது விளையாடுகிறவருக்காக வரையும் படம் அன்று. அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துக் கட்டி எழுப்ப வேண்டும், அதற்காக வரைவது. ஒரு வாசலுக்கு முப்பது சின்னக் கறுப்பு உருவங்கள் போடுவார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன், பக்கம், பின் என்று அளவோடு வரைவார்கள். எது மரம், எது இரும்பு, எங்கே துரு ஏறும் என்று எழுதிக் கொடுப்பார்கள். கேம் ஆர்ட்டிஸ்ட் அதை முப்பரிமாணத்தில் செதுக்கி, பிறகு கணினி சுலபமாகக் காட்டும்படி அந்த உருவத்தைக் குறைந்த முக்கோணத் துண்டுகளில் மறுபடி கட்டி, தையல் பிரித்த சட்டையைப் போல மேற்பரப்பைத் தட்டையாக விரித்து, செதுக்கிய நுணுக்கத்தையெல்லாம் நார்மல் மேப் என்ற ஒற்றைப் படத்துக்குள் இறக்கி, வண்ணம் ஏற்றி, விளையாட்டை ஓட்டும் மென்பொருளான எஞ்சினுக்குள் நிற்க வைப்பார். இதில் கற்பனை இல்லை என்று யாராவது சொன்னால் அவர் இந்த வேலையைச் செய்து பார்க்காதவர். இன்னொன்று, ஒருவர் வரைந்து கொடுப்பதைக் கட்டப் பலர் தேவைப்படுகிறார்கள். ஆகவே, படித்து முடித்தவுடன் முதல் வேலை தேடுகிறவருக்குக் கட்டும் பக்கத்தில்தான் வாசல்கள் அதிகம்.

இனி என் கதை. நான் சேர்ந்தது கான்செப்ட் ஆர்ட் என்று பெயர் வைத்த மூன்றாண்டுப் பட்டம். முதல் பருவத்தில் வாரம் ஒரு நாள் ஆளை எதிரில் உட்கார வைத்து வரையச் சொன்னார்கள். இரண்டாம் பருவத்திலிருந்து அது நின்றுவிட்டது. அதன் பிறகு டிஜிட்டல் ஓவியம், தூரிகைத் தொகுப்புகள், ஒளி, மூட்டம், பிரம்மாண்டம். ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆனால் நாற்பது பேருக்கு ஒருவர். மதிப்பாய்வு என்றால் என் திரைக்குப் பின்னால் இரண்டு நிமிடம் நின்று, "நன்றாக இருக்கிறது, கான்ட்ராஸ்ட் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போவார்கள்.

இறுதியாண்டில் ஒரு கோட்டை வாசல் வரைந்தேன். மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். இரும்புத் தகடு பதித்த இரட்டைக் கதவு, கீழே எறும்பு போல இரண்டு வீரர்கள், பின்னால் செம்மஞ்சள் வெளிச்சம், அடியில் புகை. வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். ஆண்டு இறுதிக் கண்காட்சியில் நுழைந்தவுடன் தெரிகிற சுவரில் மாட்டினார்கள்.

கண்காட்சிக்கு ஒரு விளையாட்டு நிறுவனத்தின் கலை இயக்குநர் வந்திருந்தார். என் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படத்தொகுப்பில், பன்னிரண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் வாசலில் நின்றார். "இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டார்.

உள்பக்கம் என்றேன். அவர் திரையில் விரலை வைத்தார். இடப்பக்கக் கதவுக்குப் பின்னால் நானே ஒரு சிற்பத் தூண் வரைந்திருந்தேன். கால் பங்கு திறப்பதற்குள் கதவு அதில் இடித்துவிடும். வெளிப்பக்கம் என்று மாற்றிச் சொன்னேன். வெளிப்பக்கம் படிக்கட்டு. பிறகு, வீரர்களின் உயரத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கதவு பன்னிரண்டு மீட்டராவது இருக்கும், இவ்வளவு எடையை எது தாங்குகிறது என்று கேட்டார். கீல் இருக்க வேண்டிய மூலையைப் பார்த்தேன். அங்கே புகை போட்டிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் புகை வந்துவிடுகிறது" என்றார். மற்றப் படங்களையும் திருப்பிக் காட்டினார். உயிரினத்தின் பாதம் புல்லுக்குள் மறைந்திருந்தது. கை போர்வைக்குள் இருந்தது. பாலம் பாறையோடு சேரும் இடம் பனிமூட்டம். பன்னிரண்டு படத்திலும் அப்படித்தான். மூன்று ஆண்டுகளாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஏளனமாகச் சொல்லவில்லை அவர். அப்படிச் சொல்லியிருந்தால் கோபப்பட்டு மறந்திருப்பேன். கண்காட்சியின் அழைப்பிதழைத் திருப்பி வைத்து, பேனாவால் வரைந்து காட்டினார். கனமான கதவு கீலில் தொங்காது, தரையில் நிற்கும் என்றார். கதவின் ஓரக்கட்டை கீழே குடுமியாக நீண்டு, வாசற்கல்லில் குடைந்த குழிக்குள் இறங்கியிருக்கும். மேல் குடுமியை ஒரு வளையம் பிடித்திருக்கும். எடை முழுவதும் கல்லுக்குப் போய்விடும், வளையம் கதவு சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடைசியாகத் தரையில் ஒரு கால் வட்டம் போட்டார். பல ஆண்டுகள் திறந்து மூடியதில் கதவின் அடி உரசி உரசிக் கல்லில் விழுந்த கீறல் அது. "இந்த ஒரு வளைவு இருந்திருந்தால், இது திறக்கிற கதவு என்று விளையாடுகிறவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

இருபது நிமிடம். அந்த அழைப்பிதழை இன்னும் வைத்திருக்கிறேன். என் படத்தின் மேல் ஒருவர் கோடு போட்டுத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

பிறகு பதினான்கு மாதம் வேலை இல்லை. பழைய பூட்டு, மேசை விளக்கு, குடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றி வரைந்தேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றேன். அது 2002 முதல் திறந்த மூல மென்பொருளாக, இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் எந்த மென்பொருள் இருந்தாலும் இதை இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். அதில் என் வாசலையே கட்டிப் பார்த்தேன். சுவருக்குத் தடிமனே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு முறை இடித்துக் கட்டினேன். ஐந்தாவது முறை கட்டியதைக் காட்டித்தான் முதல் வேலை கிடைத்தது, பொருள்களைச் செய்கிற ப்ராப் ஆர்ட்டிஸ்ட்டாக. கதவு, பெட்டி, கிணறு, வண்டிச் சக்கரம். ஏணியின் கீழ்ப்படி என்று நான் நினைத்திருந்த வேலை இது. இன்றும் இதைத்தான் செய்கிறேன். நான் செய்யும் கதவுகள் திறக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, "சொந்தமாகப் பயிற்சி செய்யாமல் கல்லூரியைக் குறை சொல்கிறாள்" என்று சிலர் எழுதுவார்கள். முந்தியே சொல்லிவிடுகிறேன், நான் இரவு பகலாக உழைத்தேன். தவறான இடத்தில் உழைத்தேன். பதினெட்டு வயதில் ஒருவருக்குத் தனக்கு எது தெரியாது என்பதே தெரியாது. அதைக் காட்டுவதற்காகத்தான் கட்டணம் கட்டுகிறோம். எல்லாக் கல்லூரிகளும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை.

"பட்டமே வேண்டாம், எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நிறுவனம் உங்கள் பட்டத்தைக் கேட்காது, போர்ட்ஃபோலியோவைத்தான் பார்க்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் வேறு நாட்டில் வேலை கிடைத்தால் அந்த நாட்டு அரசு கேட்கும். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். ஜப்பானில் இத்தகைய வேலைக்கான விசாவுக்குப் பொதுவாகப் பட்டம் கேட்கிறார்கள், இல்லையென்றால் பல ஆண்டு அனுபவத்தைக் காட்டச் சொல்கிறார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர், என்னைவிடப் பல மடங்கு நன்றாக வரைகிறவர், இந்த ஒரு காரணத்தால் வந்த வேலையை விட்டுவிட நேர்ந்தது. தன் பெயரில் பட்டம் இருப்பது வீண் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

அந்தப் பட்டம் விளையாட்டின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கணினி விளையாட்டுக்கென்று தனிப் பட்டம் என்பதே புதிது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரின் அபர்டே பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் பட்டமாகச் சொல்கிறார்கள். இந்தத் துறையில் எல்லோரும் வணங்கும் சிட் மீட் 1959-இல் கலைக்கல்லூரியை முடித்துவிட்டு ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைக்கப் போனவர். திரைப்படங்களுக்கு எதிர்கால நகரங்களை வரைந்ததெல்லாம் இருபது ஆண்டு கழித்துத்தான். அவர் வரைந்த வண்டிகளின் கதவு எப்படித் திறக்கும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தொழில் வடிவமைப்பு, கட்டடக்கலை, நூல் ஓவியம் ஆகியவற்றில் உங்களுக்கு இடம் கிடைத்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். எழுதிக் கேட்டால் படம் செய்து தரும் மிட்ஜர்னியும் ஸ்டேபிள் டிஃப்யூஷனும் 2022-இல் பொதுமக்கள் கைக்கு வந்தன. அந்த ஆண்டு டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் படங்களைப் போடும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தின் முதல் பக்கம் முழுவதும் ஓவியர்களின் எதிர்ப்புப் படங்களால் நிறைந்தது. நானும் ஒன்று போட்டேன். 2023, 2024 ஆண்டுகளில் விளையாட்டு நிறுவனங்களில் பெரும் ஆட்குறைப்பு நடந்தது. என் கவலையை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் என் பழைய வாசல் படத்தைப் போன்றவற்றை, அதாவது வெளிச்சமும் புகையுமாக எங்கும் திறக்காத கதவுகளை, அந்த இயந்திரங்கள் நொடியில் செய்துவிடுகின்றன. அதை மட்டும் கற்றுத் தருகிற பாடத்திட்டத்தில் மூன்று ஆண்டு செலவழிப்பது இன்று முன்பைவிட ஆபத்து.

ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியோடு நேரடித் தொடர்பு இல்லாததுதான். இரண்டு ஆண்டு ஒரு விளையாட்டில் வேலை செய்தேன். வெளியாவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வெளியான அன்று இரவு விழித்திருந்து விளையாடி முடித்து, பெயர்ப்பட்டியல் ஓடுவதைக் கடைசிவரை பார்த்தேன். என் பெயர் இல்லை. வெளியீட்டு நாளில் பணியில் இல்லாதவர்களின் பெயர் போடுவதில்லை, அது எங்கள் நடைமுறை என்று பதில் வந்தது. ஊர் நடுவில் ஒரு கிணறு வரும். அதன் கப்பியில் கயிறு தேய்ந்த தடத்தை வைப்பதற்கு மட்டும் நான்கு நாள் எடுத்தேன். விளையாடுகிறவர்கள் அதைப் படம் பிடித்துப் பகிர்கிறார்கள். பெயர் போடுவது பற்றி விளையாட்டு உருவாக்குநர்களின் சர்வதேசச் சங்கம் வழிகாட்டுதல் எழுதி வைத்திருக்கிறது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால்தான் சொல்கிறேன், "எங்கள் மாணவர்கள் இந்த விளையாட்டுகளில் பணியாற்றினார்கள்" என்று பல்கலைக்கழகம் பட்டியல் காட்டினால், அந்த மாணவர்களையே தேடிப் பேசுங்கள்.

உங்கள் இரண்டு இடங்களுக்கு வருகிறேன். கான்செப்ட் ஆர்ட் பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முழுவதும் மென்பொருள் பெயர்களாகவே இருக்கிறது. கேம் ஆர்ட் பாடத்திட்டத்தில் நான்கு பருவத்துக்கு ஆளைப் பார்த்து வரைதல் இருக்கிறது, தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் தனிப் பாடமாக இருக்கிறது, மூன்றாம் ஆண்டில் குழுவாக ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். தாளில் உள்ளதை வைத்துச் சொன்னால் நான் அங்கேதான் போவேன். கோட்டை வரைய அங்கே யாரும் தடை போடப் போவதில்லை.

ஆனால் பாடத்திட்டம் எழுதுவது எளிது. இரண்டு இடங்களிலும் இப்போது இறுதியாண்டில் இருக்கும் மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். கையேட்டில் படம் வந்த முதல் மாணவர் வேண்டாம், அவர் எங்கே சேர்ந்திருந்தாலும் தேறியிருப்பார். நடுவில் இருப்பவரைப் பிடியுங்கள். ஆசிரியர் மேலே கோடு போட்டுத் திருத்திய படம் ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வருவதைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.