சில்லறைப் பாட்டிலும் சிறுவாடும்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். காய்கறி முதல் பெட்ரோல் வரை எல்லாவற்றுக்கும் போனில்தான் பணம் கொடுக்கிறேன். பர்ஸ் எடுத்துப் போவதையே விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்கியபோது ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில் நிறையச் சில்லறை கிடைத்தது. நாலணா, எட்டணா, ஒரு ரூபாய், எல்லாவற்றையும்விட அதிகமாக 10 ரூபாய் நாணயம். தெருமுனைக் கடையில் 10 ரூபாய் நாணயத்தைத் தொடவே மறுக்கிறார்கள். இவற்றை என்ன செய்வது?

இன்னொன்று. அம்மாவுக்குப் பால் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கார்டு இருக்கிறது, போனும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் மாதாமாதம் "நோட்டாக எடுத்துக் கொடு" என்கிறார். ரொக்கத்துக்கு இனி வேலை இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பாட்டிலைக் கவிழ்த்து நாலணாவைத் தனியே பொறுக்குங்கள். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போயின; வங்கியிலும் இனி மாற்ற முடியாது. எட்டணா இன்றும் செல்லும், கடைக்காரர் எவ்வளவுதான் சிரித்தாலும். செல்லாத நாலணாவுக்கு உங்கள் அம்மாவிடமே வேலை இருக்கும். காண்டாமிருகம் பொறித்த எவர்சில்வர் நாலணா ஒன்றைக் கழுவி இட்லிப் பானையின் அடியில் தண்ணீரோடு போட்டுவிட்டால், கொதிக்கும் தண்ணீரில் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று வாசலில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு ரூபாய்களை வீட்டிலேயே வைத்திருங்கள். மொய்யில் 101, 501 என்று எழுதும்போது அந்த ஒன்று இன்னும் நாணயமாகத்தான் போகிறது. கவரிலேயே ஒட்டி விற்கிறார்கள். ஆரத்தித் தட்டு, மஞ்சள் துணியில் முடிந்துவைக்கும் காணிக்கை, சாவு வீட்டில் நெற்றியில் வைக்கும் காசு, எல்லாவற்றுக்கும் அவசரத்தில் தேடுவது இதைத்தான்.

10 ரூபாய் நாணயத்தின் கதை வேறு. 15 கோடு போட்டது கள்ளக் காசு, 10 கோடு போட்டதுதான் நல்ல காசு என்று எவரோ கிளப்பிவிட்டது இன்றுவரை ஓயவில்லை. ரூபாய்ச் சின்னம் இல்லாதது செல்லாது என்றும் ஒரு பேச்சு. சின்னமே 2010இல்தான் வந்தது. அதற்கு முன்பு அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடைகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

அரூர்க்காரர் ஒருவர் 2022இல் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாயை 10 ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து எடுத்துப்போய்க் கார் வாங்கியது நினைவிருக்கும். அவருடைய தாயார் கடை நடத்துபவர். கடைக்கு வந்த நாணயத்தைத் திரும்ப வாங்க ஆள் இல்லாமல் வீட்டில் குவிந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரைதான் நாணயமாகக் கொடுப்பது செல்லும். மறுக்கச் சட்டத்தில் இடம் இருந்த கார் வியாபாரி வாங்கிக்கொண்டார். எந்தக் காரணமும் இல்லாத தெருமுனைக் கடைக்காரர் தள்ளிவிடுகிறார். நாணயத்தை ஒழிப்பது போன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இங்கே அதை முதலில் ஒழித்தது இந்த வாங்க மறுக்கும் வழக்கம்தான். போன் பிறகு வந்து காலி இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

நூறு நூறாக எண்ணிப் பாலிதீன் பையில் கட்டி வங்கிக்கு எடுத்துப் போங்கள். கணக்கில் போடுவதற்கு அந்த 1,000 ரூபாய் வரம்பு கிடையாது. கியூஆர் ஸ்கேன் செய்தால் நாணயம் கொட்டும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதித்துப் பார்க்கப்போவதாக 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அரூருக்கு அந்த இயந்திரம் தேவையே இல்லை.

இனி அம்மா. பால் பணம் கணக்கில் ஏறியதும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது? உங்களுக்கு என்றால், அவர் ஏன் நோட்டு கேட்கிறார் என்பதற்கு அதுவே பதில். பேத்திக்குக் கொலுசு, பிறந்த வீட்டில் தம்பி மகளுக்குச் சீர், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவசரக் கைமாற்று. இவற்றுக்கெல்லாம் மகனிடம் கணக்குச் சொல்லவேண்டிய நிலை அவருக்கு இதுவரை இருந்ததில்லை. அரிசிப் பானையில் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவைத்த சிறுவாட்டுக்குக் கடவுச்சொல்லும் கிடையாது, மாதக் கடைசியில் பட்டியலும் கிடையாது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் போன் வாங்கிக் கொடுத்தீர்கள். கூடவே அவருடைய ஒவ்வொரு செலவுக்கும் ஒரு சாட்சியையும் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் ஊர்ச் செவ்வாய்ச் சந்தைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தரகர் துண்டுக்கடியில் விரல்பிடித்து மாட்டுக்கு விலை முடித்ததும், வாங்குபவர் அச்சாரமாக நோட்டை விற்பவர் கையில் வைக்கிறார். மீதியை இப்போது போனில் அனுப்புகிறவர்களும் உண்டு. அச்சாரம் மட்டும் கைக்குக் கைதான். அதை வாங்கி மடியில் செருகியபின் இன்னொருவர் வந்து ஆயிரம் கூடக் கேட்டாலும் பேச்சு மாறக் கூடாது. சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் மலையேறினால் சிக்னல் கிடைக்காத இடத்துக்கும் ரொக்கம் வேண்டும், அது தனி.

ஆகவே அம்மாவுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. கேட்கிறபடி எடுத்துக் கொடுங்கள். ஆனால் 500 ரூபாய் நோட்டுகளாக வேண்டாம். 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போனவை 500, 1000 நோட்டுகள். 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்தது 2000 ரூபாய் நோட்டை. இரண்டு முறையும் அடிபட்டது பெரிய நோட்டுதான். அப்போது மகனுக்கும் கணவருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை வெளியே எடுத்துக் கொடுக்கவேண்டி வந்த பெண்கள் பலர். 100, 50 ஆகக் கேட்டு வாங்குங்கள். தெருமுனைக் கடையிலும் சில்லறை இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். கரையான் அரித்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் வீட்டில் வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எங்கே வைக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.