பளிச்சென்று இருக்கும் ஆய்விதழை நம்பலாமா?

கேள்வி: இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரங்கக் கட்டுரையில் ஒரு ‘சர்வதேச ஆய்விதழை’ மேற்கோள் காட்டினேன். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறது, ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது, ஆசிரியர் குழுவும் இருக்கிறது. நூலகத்தில் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் அந்தத் தளத்தை விட்டு வெளியே வரவில்லை, அதுதான் தவறு. டிக் போட்ட ஒவ்வொன்றும் தளத்துக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். ஐஎஸ்எஸ்என் இதழ்களுக்குத் தரப்படும் ஓர் அடையாள எண், தரச் சான்று அல்ல. நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடுமா?

இதில் நீங்கள் தனியாள் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் பக்கத்தின் அழகையும் அடிக்குறிப்பையும் மேலிருந்து கீழாகப் படித்து ஏமாந்தார்கள். வரலாற்று அறிஞர்களிலும் பலர் சறுக்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று தேடினார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஆசிரியர் குழுவில் ஒரு பெயரை எடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இந்த இதழைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். கேட்காமலே பெயரைப் போட்டுக்கொள்ளும் இதழ்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இப்படிப்பட்ட இதழில் உங்கள் கட்டுரையையே போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ‘ஐந்தே நாளில் வெளியீடு, கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்பார்கள். கட்டாதீர்கள்! முறையான மதிப்பாய்வு, அதாவது அதே துறை அறிஞர்கள் கட்டுரையைப் படித்துச் சோதிப்பது, ஐந்து நாளில் முடியாது. 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நல்ல இதழின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆய்வே செய்யாதவருக்கு, கட்டுரையை எழுதியவர் என்று பெயர் போட இடம் விற்கும் தரகர்களும் இருக்கிறார்கள். எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பேராசிரியர்களுக்குப் பதவி கொடுக்கும் வரை இந்தக் கடைகளை மூட முடியாது. எண்ணுவதற்கு ஒரு அலுவலகமே இருக்கிறது. படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மாணவர்களுக்கோ முதலாண்டில் ஒரு மணி நேர நூலக வகுப்பு, கையில் ஒரு பட்டியல். அதோடு சரி.

அப்படியானால் பெயர்பெற்ற இதழில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா? பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. 1998இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் குழுவின் கட்டுரை வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பிய கட்டுரை. இதழ் அதைச் செல்லாது என்று முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் 12 ஆண்டுகள்! இதில் மாணவர்கள் மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? சீனியர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில். திரும்பப் பெற்ற செய்தி இதழின் தளத்தில் இருக்கும். முன்பே இறக்கி வைத்த கோப்பில் அது தானாக வந்து ஏறாது. அதனால் நல்ல இதழாகவே இருந்தாலும், தலைப்பைத் தேடி இதழின் சொந்தத் தளத்தில் இன்றைய நிலையை ஒருமுறை பாருங்கள். விஷயம் உடல்நலம் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். மேற்கோளை எடுத்துவிட்டு, அதே கருத்தை வேறு யார் சோதித்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். யாருமே இல்லையென்றால் அந்தப் பத்தியையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பேராசிரியரிடம் போய், அந்த இதழை எதை வைத்து அடையாளம் கண்டார் என்று கேளுங்கள். முடிந்தால் அவர் தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.