வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டில் இஸ்மவுன்டட் சரிபார்ப்பு வைத்தும் சில நேரம் வேறு தரவு திரைக்கு வருகிறதே, ஏன்?

கம்போனென்ட், அதாவது பக்கத்தின் அந்தத் துண்டு, இன்னும் திரையில் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்தச் சரிபார்ப்பு பார்க்கும். வந்த பதில் கடைசியாகக் கேட்டதற்கானதா என்று பார்க்காது. உங்கள் சிக்கல் அங்கேதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் தோவாளைப் பூச்சந்தை விலையைக் காட்டும் ஒரு பக்கம் என்று வையுங்கள். நாகர்கோவில் பூக்கடைக்காரர் பிச்சியைத் தொடுகிறார், உடனே மல்லிக்கு மாறுகிறார். சர்வரிடம் விலை கேட்கும் இரண்டு ஃபெட்ச்சும் கிளம்பியாயிற்று. மல்லி விலை முதலில் வருகிறது, பிச்சி விலை ஆடி அசைந்து பின்னால் வருகிறது. கம்போனென்ட் எங்கேயும் போகவில்லை, இஸ்மவுன்டட் ட்ரூதான். ஆக, மல்லி என்ற தலைப்புக்குக் கீழே பிச்சி விலை வந்து உட்கார்ந்துவிடும். ஓணத்துக்குக் கேரளாவுக்குப் பூ ஏறுகிற நாளில் இப்படிக் காட்டினால் கடையில் சண்டைதான்.

விலையைக் கேட்கும் யூஸ்எஃபெக்ட்டுக்கு உள்ளேயே இக்னோர் என்று ஒரு வேரியபிள் வைத்து ஃபால்ஸ் கொடுங்கள். அந்த எஃபெக்ட் காலாவதியாகும்போது ஓடும் கிளீனப் ஃபங்ஷனில் அதை ட்ரூ ஆக்குங்கள். பதில் வந்ததும் இக்னோர் ட்ரூ என்றால் திரையில் தரவை மாற்றும் செட்ஸ்டேட் பக்கமே போகவேண்டாம். எது மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓடவேண்டும் என்று சொல்லும் டிபென்டன்சி அரேயில் பூவின் பெயர் இருக்கவேண்டும். அது மாறும்போது பழைய எஃபெக்ட்டின் கிளீனப் முதலில் ஓடும். ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் தனித்தனி இக்னோர் என்பதுதான் இதில் விஷயம். கம்போனென்ட்டுக்கே பொதுவான யூஸ்ரெஃபில் வைத்தால் எல்லா எஃபெக்ட்டும் ஒன்றையே பார்க்கும், பழைய குறை அப்படியே நிற்கும்.

இஸ்மவுன்டட்டை ரெஃபில் வைத்தால் இன்னொரு வம்பும் உண்டு. ரியாக்ட் 18 முதல், டெவலப்மென்ட்டில் தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரிக்ட்மோடு எஃபெக்ட்டை ஒருமுறை ஓட்டி, கிளீனப் செய்து, மறுபடி ஓட்டும். கிளீனப்பில் ஃபால்ஸ் ஆன ரெஃபை எஃபெக்ட் தொடக்கத்தில் ட்ரூ ஆக்காவிட்டால் அது ஃபால்ஸாகவே கிடக்கும். விலை திரைக்கு வரவே வராது. அன்மவுன்ட் ஆன, அதாவது திரையை விட்டுப் போன, கம்போனென்ட்டில் செட்ஸ்டேட் என்று மிரட்டிய எச்சரிக்கையையும் 2022இல் வந்த அதே பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பிறகு இஸ்மவுன்டட் எதற்கு? தூக்கிவிடுங்கள்.

கோரிக்கையையே நிறுத்தவேண்டுமானால் அபார்ட்கன்ட்ரோலர் இருக்கிறது. கிளீனப்பில் அபார்ட் செய்யுங்கள். கேட்ச்சில் அபார்ட்எரர் வந்தால் பிழைச்செய்தி காட்டாமல் விட்டுவிடுங்கள்.

சோதிக்கும்போது இன்டர்நெட்டை மொத்தமாக மெதுவாக்கினால் இந்தக் குறை பெரும்பாலும் சிக்காது, இரண்டு பதிலும் வரிசையாகவே வந்துவிடும். பிச்சிக்கு மட்டும் சர்வரில் 3 வினாடி தாமதம் வைத்து, பிச்சி, மல்லி என்று சட்டென மாற்றிப் பாருங்கள்.